'இன்னா'வை எத்தனை ஹரகத் நீட்டுவது?

பெரியபட்டினத்து உம்மா:
அஸ்ஸலாமு அலைக்கும். மகள் சாயங்கால மதரஸாவில் ஓதுகிறாள். குர்ஆனில் கவ்ஸர் ஸூராவில் 'இன்னா அஃதைனாக்க' வரும்போது 'இன்னா'வை நாலு ஹரகத் (ஒரு குறில் சொல்லும் அளவு ஒரு ஹரகத்) நீட்டும்படி உஸ்தாத் பழக்கியிருக்கிறார். துபாயிலிருந்து லீவுக்கு வந்த அவள் வாப்பா, அங்கே ஒரு இமாம் இரண்டோடு விட்டுவிடுவார், எதற்கு இந்த இழுவை என்கிறார். மாமனார் தமிழ் எழுத்தில் அச்சடித்த யாஸீனைப் பார்த்து ஓதுபவர், அவருக்கு எல்லா நெடிலும் ஒரே நெடில்தான். இவள் இப்போது ஆளுக்கு ஒரு மாதிரி ஓதிக் காட்டுகிறாள்! எது சரி?

கீழக்கரை காக்கா:
வ அலைக்குமுஸ்ஸலாம். இரண்டு பேருமே தப்பாகச் சொல்லவில்லை தங்கச்சி. மத்து எழுத்தில், அதாவது நீட்டி ஓதும் எழுத்தில், ஒரு சொல் முடிந்து அடுத்த சொல் ஹம்ஸாவில், 'அஃதைனாக்க'வின் முதல் ஒலி மாதிரி, தொடங்கினால் அது முன்ஃபஸில். நாம் ஓதுகிற ஹஃப்ஸ் ரிவாயத்தில் (ஹஃப்ஸ் இமாம் வழி வந்த ஓதல் முறையில்) ஷாத்திபிய்யா என்ற நூலின் வழியில் அது நாலு அல்லது ஐந்து, தய்யிபா என்ற நூலின் வழியில் இரண்டு ஹரகத்துக்கும் இடமுண்டு, ஆனால் அந்த இரண்டோடு வேறு சில சட்டங்களும் சேர்ந்தே வரும் என்பதால் ஆசைக்கு இங்கே இரண்டு அங்கே நாலு என்று ஓத முடியாது. பிள்ளை உஸ்தாத் சொன்ன நாலிலேயே இருக்கட்டும். முத்தஸில் கதை வேறு, 'இதா ஜாஅ நஸ்ருல்லாஹி'யில் 'ஜாஅ' மாதிரி மத்தும் ஹம்ஸாவும் ஒரே சொல்லுக்குள் வருவது. அதை இரண்டாகக் குறைத்து ஓதிய கிராஅத் (ஓதல் முறை) எதையும் தேடியும் காணவில்லை என்று ஓதல் கலை இமாம் இப்னுல் ஜஸரீயே எழுதிவிட்டார். ஃபாத்திஹா முடிவில் வரும் 'வலள்ளால்லீன்' ஆறு, அதில் பேச்சே இல்லை.

வேதாளை தம்பி:
காக்கா, சின்னப் பிள்ளைக்கு ஷாத்திபிய்யா எல்லாம் எதற்கு? நம் பக்கத்து முஸ்ஹஃபில் (குர்ஆன் பிரதியில்) பெரும்பாலும் முத்தஸிலுக்குத் தடித்த குறியும் முன்ஃபஸிலுக்கு மெல்லிய குறியும் போட்டிருப்பார்கள், அதைக் காட்டினால் போதும். மதீனா அச்சில் இரண்டுக்கும் ஒரே குறி.

ஏர்வாடி ஆலிமா:
குறியைக் காட்டுவது நல்லதுதான், ஆனால் எண்ணிக்கை காதில் ஏற வேண்டும் தம்பி. ஹரகத் என்பது நொடிக் கணக்கு இல்லை, ஓதுகிற வேகத்தோடு கூடும் குறையும், ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹில் வேகமாகப் போகும்போது நாலும் சுருங்கும், அப்போதும் அது இரண்டின் இரட்டிப்பாகவே இருக்க வேண்டும். நான் விரல் மடக்கச் சொல்லித்தான் பழக்குகிறேன். வீட்டில் எகிப்து காரி ஹுஸரீயின் முரத்தல் (ராகம் இழுக்காத சீரான) ஓதலைப் போட்டுவிடுங்கள் ராத்தா, நிதானமாக இருக்கும்.

மாமனார் விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, அதனால் இரண்டு ஹரகத்தே உள்ள அஸல் மத்து நமக்குச் சுலபமாக வந்துவிடும். நாலையும் ஆறையும் காட்டத்தான் அந்த எழுத்தில் வழியில்லை. இதைவிட என்னை உறுத்துவது நீட்டக் கூடாததை நீட்டுவதுதான். 'இய்யாக்க நஃபுது'வை 'இய்யாக்கா' என்று இழுப்பார்கள், தக்பீரில் 'அக்பர்' போய் 'அக்பார்' வரும். மத்தைக் குறைத்தவரைப் பிடித்துக்கொள்கிற ஊர் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

பெரியபட்டினத்து உம்மா:
ஜஸாக்கல்லாஹ் கைரன் எல்லாருக்கும். அப்புறம் ஒன்று, 'நஸ்தஈன்' என்று நிறுத்தும்போது?

கீழக்கரை காக்கா:
அது ஆரிள், நிறுத்துவதால் மட்டும் வரும் நீட்டல், இரண்டு நாலு ஆறு மூன்றும் ஆகும். எதை எடுத்தாலும் அந்த ஓதல் முடியும்வரை அதையே ஓதச் சொல்லுங்கள்.