என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) பெண்கள் கூடைப்பந்து: இன்னும் மனசை விட்டுப் போகாத ஆட்டம் எது?

டாலஸ்வாசி:
2017 அரையிறுதி, டாலஸ். யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) தொடர்ந்து 111 ஆட்டம் ஜெயிச்சுட்டு வந்த கதை இங்க எல்லாருக்கும் தெரியும், நேரா கடைசிக்கு வர்றேன். ஓவர்டைம், 64-64, பந்து மிசிசிப்பி ஸ்டேட் கையில. மார்கன் வில்லியம், ஐந்தடி ஐந்தங்குலம்தான் உயரம். வலப்பக்கம் ஓடி வந்து சட்டுன்னு நின்னு, தன்னைவிட ரொம்ப உயரமான பொண்ணு நீட்டின கைக்கு மேல எறிஞ்சா. பஸ்ஸர் அடிக்கும்போது பந்து இன்னும் காத்துல. உள்ள விழுந்துச்சு. யூகான் கோச் ஜீனோ ஆரியம்மா முகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க, தோத்தவர் சிரிப்பு மாதிரியே இல்ல.

எனக்கு உறுத்தறது அது இல்ல. ரெண்டு நாள் கழிச்சு பைனல், தென் கரோலினாவோட. நாலாவது குவார்ட்டர் முழுக்க வில்லியமை பெஞ்ச்ல உட்கார வச்சுட்டாங்க. 67-55, தோல்வி. கோச்சுக்குக் காரணம் இருந்திருக்கும். நானும் எத்தனையோ தடவை யோசிச்சுப் பாத்துட்டேன், மனசு ஒப்பவே இல்ல. ஊரே அவ பேரைச் சொல்லிட்டிருந்த வாரம் அது.

பிலடெல்பியா அக்கா:
தம்பி, நல்ல ஆட்டம்தான். ஆனா யாரைக் கேட்டாலும் யூகானையே சொல்றீங்களே, அதான் எனக்கு ஆறலை. என்னோட வேலை பார்த்த ஒரு வயசான அம்மா இம்மாகுலாட்டாவில் படிச்சவங்க. கன்னியாஸ்திரீகள் நடத்தின சின்னக் கல்லூரி, இங்க பக்கத்துலதான். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்துல பேச்சு அங்க போச்சு. சிஸ்டர்கள் எல்லாம் இரும்பு வாளியைத் தட்டித் தட்டி உற்சாகப்படுத்துவாங்களாம். ஒரு ஆட்டக்காரியோட அப்பா ஹார்டுவேர் கடைக்காரர், வாளி அவர் கொண்டு வந்தது. சொல்லிட்டே அந்த அம்மா ரெண்டு கையாலயும் மேசையைத் தட்டிக் காட்டினாங்க பாருங்க, கேன்டீன்ல இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க. அவங்க நிறுத்தலை.

1972, முதல் தேசியப் போட்டி, இல்லினாய் மாநிலத்து நார்மல் ஊர்ல. 16 அணியில இவங்களுக்கு 15-வது இடம். டூத் பிரஷ் வித்துக் காசு சேர்த்தாங்க. எட்டு ஆட்டக்காரிகளைத்தான் கூட்டிட்டுப் போக முடிஞ்சது. அதுக்கு முந்தின வாரம்தான் வெஸ்ட் செஸ்டர் இவங்களை 70-38னு துவைச்சு எடுத்திருந்தது. பைனல்ல அதே வெஸ்ட் செஸ்டரை 52-48. அப்புறம் 73, 74-லயும் இவங்கதான். இதை நடத்தினது ஏ.ஐ.ஏ.டபிள்யூ., கல்லூரிப் பெண்கள் விளையாட்டைப் பெண்களே கட்டி வளர்த்த அமைப்பு. என்.சி.ஏ.ஏ. சாம்பியன் பட்டியலைத் திறந்தா 1982-லதான் ஆரம்பிக்குது. அந்த அம்மா தட்டின தாளத்துக்கு அதுல ஒரு வரி கிடையாது. டெல்டா ஸ்டேட்டுக்கு 1975 முதல் 77 வரை மூணு பட்டம் வாங்கிக் கொடுத்த லூசியா ஹாரிஸுக்கும் கிடையாது.

ரட்கர்ஸ் பழைய மாணவன்:
அக்கா சொல்வது சரி. ஆனால் பெண்கள் போட்டியை என்.சி.ஏ.ஏ. தன் கைக்கு எடுத்துக்கொண்ட 1982-ஐ வெறும் பறிப்பு என்று மட்டும் சொன்னால் செய்னி ஸ்டேட் மறைந்துபோகும். என்.சி.ஏ.ஏ.வின் முதல் பெண்கள் பைனலில் லூசியானா டெக்கிடம் 76-62 என்று தோற்ற அணி. கறுப்பினத்தவருக்கென்று உண்டான சிறிய கல்லூரி, பெரிய பண வசதி கிடையாது. அப்படிப்பட்ட வேறெந்தக் கல்லூரியும் இன்றுவரை அந்தப் பைனலை எட்டவில்லை. கோச் விவியன் ஸ்ட்ரிங்கர். அந்த சீசனில் அவருடைய கைக்குழந்தை மூளைக்காய்ச்சலில் விழுந்து மருத்துவமனையில்.

நான் படிக்கும்போது அவர் எங்கள் கோச். 2007-ல் பைனல் வரை போனோம், டென்னஸியிடம் 59-46. மறுநாளே ஒரு ரேடியோக்காரர் எங்கள் பெண்களின் நிறத்தையும் தலைமுடியையும் வைத்துக் கேவலமாகப் பேசினார். ஒரு வாரத்துக்குள் அத்தனை பேரும் கேமராக்கள் முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஸ்ட்ரிங்கர். ஒவ்வொருவரையும் பற்றி, என்ன படிக்கிறாள், என்ன கனவு என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். விடுதியில் டிவி முன்னால் நின்றுகொண்டே பார்த்தோம். தேசத்தில் இரண்டாவது இடம் பிடித்த பெண்களுக்கு ஊர்வலம் நடந்திருக்க வேண்டிய வாரம்.

பிலடெல்பியா அக்கா:
செய்னியை நான் மறைக்கலை தம்பி. அதே நாள், 1982 மார்ச் 28, இங்க பேலஸ்ட்ரா அரங்கத்துல ஏ.ஐ.ஏ.டபிள்யூ.வோட கடைசிப் பைனல். டெக்சஸை 83-77ல ஜெயிச்சது உங்க ரட்கர்ஸ்தான். கோச் தெரசா கிரென்ட்ஸ். 1972 இம்மாகுலாட்டா அணியோட நட்சத்திரமே அவங்கதான். உங்க காலேஜ் வாங்கின பட்டமும் அந்தப் பட்டியல்ல இல்ல, பாத்தீங்களா?

பே ஏரியா பழையவர்:
1998 மார்ச், ஸ்டான்ஃபோர்டு மேப்பிள்ஸ் பெவிலியன். புதுசா வேலைக்கு வந்திருந்தேன், நண்பர் இழுத்துக்கொண்டு போனார். தங்கள் பிரிவில் ஸ்டான்ஃபோர்டு முதல் தரவரிசை, ஹார்வர்டு கடைசி, பதினாறாவது. அலிசன் ஃபீஸ்டர் 35 பாயிண்ட், ஹார்வர்டு 71-67. ஆண்கள் போட்டியில் அப்படி ஒன்று நடக்க 2018 வரை ஆனது. எல்லாரும் ஹார்வர்டைப் பார்த்தார்கள். ஆட முடியாமல் முழங்கால் கிழிந்து கிடந்த இரண்டு ஸ்டான்ஃபோர்டு பெண்களைப் பற்றித்தான் என் நினைப்பெல்லாம்.

அதனால் பெண் குழந்தைகளை இந்த ஆட்டத்தில் விட்டிருப்பவர்களுக்குச் சில வார்த்தை. முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற இணைப்பு நார் அறுவது பையன்களைவிடப் பெண்களுக்கு அதிகம். தாவி இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் கோச்சிடம் சொல்லி இறங்கும் பயிற்சியைத் தனியாகச் செய்யச் சொல்லுங்கள், வாம்-அப்பில் தினமும். கடையில் முதலில் கண்ணில் படும் பெரிய பந்தை வாங்காதீர்கள். பெண்கள் கல்லூரி ஆட்டம் 1980-களிலேயே சிறிய பந்துக்கு மாறிவிட்டது, ஆறாம் எண் பந்து. வருஷம் முழுக்க ஒரே விளையாட்டு வேண்டாம், நீச்சலோ ஓட்டமோ சேர்த்துக்கொள்ளட்டும். பெண்ணை ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போவதானால் கடைசி நான்கு அணிகள் மோதும் ஆட்டங்களுக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. முதல் இரண்டு சுற்று தலைசிறந்த 16 அணிகளின் சொந்த கோர்ட்டில் நடக்கும், டிக்கெட் கைக்கு எட்டும். கூடைக்குப் பின்னால் கொஞ்சம் உயரத்தில் உட்காருங்கள். பந்து இல்லாத ஆட்டக்காரி எங்கே நகர்கிறாள் என்று அவளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆஸ்டின் அம்மா:
சார், முழங்கால் விஷயத்துக்குத் தனித் திரியே போடுங்க, நானும் வந்து படிக்கறேன். இங்க எனக்குச் சொல்ல ஒண்ணு இருக்கு.

2021, கொரோனா வருஷம். பெண்கள் அணி 64-ம் எங்க டெக்சஸ்ல, சான் அன்டோனியோ பக்கம். ஆண்கள் இண்டியானாவுல. ஆரெகன் ஆட்டக்காரி செடோனா பிரின்ஸ் வீடியோ போட்டாளே, ஆண்களுக்குப் பெரிய ஜிம், இவங்களுக்கு ஒரே ஒரு டம்பெல் ஸ்டாண்டுன்னு. இடம் இல்லைன்னு காரணம் சொல்லியிருந்தாங்க. அவ கேமராவைத் திருப்பறா, கூடம் முழுக்கக் காலி. என் பொண்ணு அப்போ பள்ளி டீம்ல இருந்தா. அந்தத் திருப்பற இடத்தை மட்டும் ஓட்டி ஓட்டிப் பார்த்தா. ஒரு வார்த்தை பேசலை. அந்த வருஷம் ஸ்டான்ஃபோர்டு 54-53ல அரிசோனாவை ஜெயிச்சதுகூட எனக்கு மங்கலாத்தான் ஞாபகம் இருக்கு.

அதுக்கப்புறம்தான் விசாரணை அறிக்கை வந்துச்சு. 2022-ல 68 அணி ஆச்சு, "மார்ச் மேட்னஸ்"ங்கற பேரைப் பெண்கள் போட்டிக்கும் போட விட்டாங்க. அதுவரைக்கும் பேர்கூட ஆண்களுக்கு மட்டும்தான். 2024-ல தென் கரோலினா, அயோவா பைனலை 1.8 கோடிக்கும் மேல பார்த்தாங்க, ஆண்கள் பைனலைவிட அதிகம். அப்படியும், பைனல் தவிர போட்டியில ஆடற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்த அணியோட கான்பரன்ஸுக்கு, அதாவது அது சேர்ந்திருக்கற கல்லூரிக் கூட்டமைப்புக்கு, பணம் போற முறை, ஆண்களுக்கு 1991-லேர்ந்து இருக்கறது, பெண்களுக்கு வந்தது 2025-லதான். டாலஸ்ல வில்லியம் அந்தக் கூடையைப் போட்ட வருஷம், அவங்க அணி ஆடின ஆட்டங்களுக்கு அவங்க கான்பரன்ஸுக்கு இந்த முறையில ஒரு டாலர் கிடைக்கலை. இம்மாகுலாட்டா டூத் பிரஷ் வித்த காலத்துக்கு அப்புறம் 45 வருஷம் ஆகியிருந்துச்சு.