கேம் வடிவாத் தெரியிறதுக்கு கிராபிக்ஸ் கார்ட் மட்டும் காணுமோ?

கேள்வி (கிளிநொச்சி):
அண்ணைமார், என்ர கொம்பியூட்டர் பழசு, செட்டிங் எல்லாம் குறைச்சு வச்சுத்தான் விளையாடுறன். பெடியள் ஃபோர்கே ஃபோர்கே (4K, கன பிக்சல், அதாவது சின்னப் புள்ளியள், உள்ள கூர்மையான படம்) எண்டு கதைக்கினம். உண்மையில ஒரு கேமைப் பாத்து வாயப் பிளக்க வைக்கிறது என்ன?

பதில்:
வெளிச்சம்தான் தம்பி. பின்னேரம் இரணைமடுக் குளக்கட்டில நிண்டு பாத்திருப்பாய்தானே, வெயில் சாயேக்க தண்ணி செம்பு நிறமாகி தூரத்துக் காடு புகை மாதிரி மங்கிப்போகும், அந்தத் தூர மங்கல் கேமில சரியா வந்தாத்தான் இடம் பெருசாத் தெரியும், இல்லாட்டி எத்தினை பிக்சல் போட்டாலும் மட்டையில கீறின மாதிரித்தான்.

பதில்:
எனக்கெண்டா அசைவு. 2020ல வந்த கோஸ்ட் ஒஃப் சுஷிமா எண்ட கேமில போற வழியக் காத்துத்தான் காட்டும், புல்லு முழுக்க அந்தப் பக்கமாச் சாயும். முதல்நாள் எங்கட வயல்ல முத்தின நெல்லு காத்துக்குச் சாயிறது ஞாபகம் வந்து, கொன்ரோலரைக் கீழ வச்சிட்டுச் சும்மா பாத்துக்கொண்டு இருந்தனான்.

பதில்:
வின்ட் வேக்கர் எண்ட கேம் 2002ல வந்தது, கார்ட்டூன் மாதிரித் தட்டையான நிறம். அப்ப கனபேர் சின்னப்பிள்ளையளின்ர கேம் எண்டு ஏசினவை. இண்டைக்கும் பழசாத் தெரியேல்ல! அந்தக் காலத்தில உண்மை மாதிரிச் செய்யப் பாத்த கன கேமுகளில முகங்கள இப்ப பாக்கேலாது. தம்பி, நீங்கள் ரெசலூஷனையும் (படத்தின்ர பிக்சல் எண்ணிக்கை) நிழலையும் இன்னும் கொஞ்சம் குறைச்சுப் பாருங்கோ, செக்கனுக்கு 30 ஃப்ரேமுக்குக் (படத்துக்கு) கீழ மட்டும் விழ விடாதேங்கோ.

கேட்டவர்:
சரி அக்கா, இரவைக்குக் கரண்ட் இருந்தா செய்து பாக்கிறன்.