பின்னால் நின்று தாங்குகிறவர்கள்: கொச்சியில் டக் படகு, நம்ம மலையில் நீராவி எஞ்சின்

கோத்தகிரிக்காரன்:
தங்கச்சியைக் கொச்சியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். லீவுக்குப் போனால் வீட்டில் எல்லோரும் சீன வலைப் பக்கம் போவார்கள், நான் ஃபோர்ட் கொச்சிக் கரையில் உட்கார்ந்து கப்பல் பார்ப்பேன். அந்தப் பக்கம் வைப்பின் தீவு, இந்தப் பக்கம் நாம். வல்லார்பாடம் போகிற கன்டெய்னர் கப்பல்கள் இந்த இடுக்கு வழியாகத்தான் உள்ளே வர வேண்டும்.

கப்பல் வேகத்தைக் குறைத்துவிட்டால் சுக்கான் சொன்ன பேச்சைக் கேட்காது. தண்ணீர் வேகமாக அதன்மேல் ஓடினால்தான் அது திருப்பும். அங்கேதான் டக்குக்கு வேலை, பெரிய கப்பலைத் தள்ளியும் இழுத்தும் நகர்த்துகிற சின்னப் படகு அது. முட்டித் தள்ளுகிற டக்கைத்தான் எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். எனக்குப் பிடித்தது பின்பக்கம் வடம் கட்டிக்கொண்டு வருகிறதே, அது. ரொம்ப நேரம் சும்மா தொற்றிக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும். திடீரென்று வடம் விறைக்கும், டக்கைச் சுற்றித் தண்ணீர் நுரைத்துப் பொங்கும். அவ்வளவு பெரிய கப்பலுக்கு அதுவும் ஒரு பிரேக். இப்போது பல டக்குகளில் புரொப்பெல்லரே முழு வட்டமும் திரும்புகிறது. அதனால் பக்கவாட்டில்கூட நகர்ந்து போகும்.

“மலைக்காரனுக்கு இதெல்லாம் புதுசுதான்” என்று மச்சான் கேலி பண்ணுவார்.

குன்னூர் ரயில் கிறுக்கன்:
அண்ணே, மச்சானை ஒருநாள் கல்லாறுக்குக் கூட்டிவாருங்கள். நம்ம நீலகிரி மலை ரயிலில் அந்தத் தள்ளுகிற, தாங்குகிற வேலை 1899 முதலே நடக்கிறது.

காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்புகிற வண்டி, கல்லாறு வரை சாதாரண ரயில்தான். அதற்கப்புறம் குன்னூர் வரை, செங்குத்தான இடங்களில் 12 மீட்டர் சொச்சத்துக்கு ஒரு மீட்டர் ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம், எஞ்சினுக்கு அடியில் பல்சக்கரம். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்த ‘எக்ஸ்’ ரக எஞ்சின். பிறகு நம்ம திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலும் புதிதாகக் கட்டினார்கள். சிலிண்டர் நான்கு. ஒரு ஜோடி சாதாரணச் சக்கரத்தை ஓட்டும். அதில் உழைத்து வெளியேறும் நீராவியே அடுத்த ஜோடிக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். பல்லில் ஏறியதும் சத்தமே மாறிவிடும், காதால் கண்டுபிடிக்கலாம்.

எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று மொத்தப் பெட்டிகளின் பாரத்தையும் நெஞ்சில் தாங்கிக்கொண்டே வரும். என்னைக் கேட்டால் ஏற்றத்தைவிட இறக்கம்தான் பார்க்க வேண்டியது. ஏறுவதற்கு நீராவி போதும். இறக்கத்துக்கு ஆள் வேண்டும்.

ஏறும்போது டிரைவருக்கு முன்னால் பாதை தெரியாது, பெட்டிகள் மறைத்திருக்கும். ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் பிரேக் போடுகிறவர், அதாவது ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். முதல் பெட்டிக்காரர் காட்டுகிற கொடியை அடுத்தவர் பார்த்துக் காட்ட, அப்படியே எஞ்சின் வரைக்கும் வரும். துறைமுகத்தில் கப்பல் மேலிருந்து வழிகாட்டுகிற பைலட் ரேடியோவில் சொல்வதை டக்கில் இருப்பவர் கேட்கிறார் இல்லையா, இங்கே பச்சையும் சிவப்பும் பேசுகின்றன. ஒரு தடவை பனி இறங்கி, அடுத்த பெட்டியே சரியாகத் தெரியவில்லை. எங்கள் பெட்டி பிரேக்ஸ்மேன் உடம்பை வெளியே நீட்டிக் கொடியைப் பிடித்தபடியே நின்றார். பக்கத்து சீட்டுக்காரர் அவரிடம் செல்ஃபி கேட்டார், என்னத்தைச் சொல்ல!

வெலிங்டன் வாசி:
எல்லோரும் முன் பெட்டிக்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். காட்சி நன்றாக இருக்கும், சரி. ஆனால் எஞ்சின் பார்க்கவேண்டுமென்றால் கடைசிப் பெட்டிதான். வழியில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கிப் பின்னால் நடங்கள். கையில் வடை இருந்தால் குரங்கு ஜாக்கிரதை. குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி ஊட்டிக்கு டீசல் எஞ்சினைப் பூட்டுவார்கள். டிக்கெட் கிடைக்காதவர்கள் பத்து மணிக்கு மேல் குன்னூர் ஸ்டேஷன் பக்கம் வந்தாலே அந்த மாற்றத்தைப் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மண்சரிவால் வண்டி நின்றுபோவது உண்டு, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.