காரின் தரையில் துரு ஓட்டை: சரிசெய்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வேளச்சேரி, மாருதி 800, 2002 மாடல்

பழைய கார் வைத்திருக்கும் நம்மில் பலருக்கும் இந்தத் தலைவலி எப்போதாவது வரும். எனக்கு வந்ததை விவரமாக எழுதுகிறேன். நீங்களும் எழுதினால் அடுத்து மாட்டுகிறவர்களுக்கு உதவும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் நின்ற வண்டிகளுக்குள் எல்லாம் தண்ணீர் ஏறியது. என் வண்டியில் சீட் மட்டத்துக்கு நின்றது. வடிந்த பிறகு பழுது பார்த்த இடத்தில் எஞ்சின், பிரேக், வயரிங் எல்லாம் ஒழுங்காகவே செய்துகொடுத்தார்கள். ஆனால் தரையில் விரித்திருக்கும் ஃபெல்ட்டை வெயிலில் உலர்த்தி அப்படியே திரும்பப் போட்டுவிட்டார்கள். அந்த ஃபெல்ட்டுக்கும் கீழே, சத்தம் குறைவதற்காகக் கம்பெனியிலேயே ஒட்டிய தார் ஷீட் ஒன்று இருக்கும். அதன் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டாலே தண்ணீர் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். கார் வெயிலில் எத்தனை நாள் நின்றாலும் அந்த ஈரம் போகாது. மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்தே இருக்கும்.

2017-ல் பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோகும் முன் அடிப்பக்கத்தைப் பார்த்துவிடலாம் என்று தெரிந்த டிங்கர் மாஸ்டரிடம் விட்டேன். அவர் வண்டியைத் தூக்கி நிறுத்தி, சுத்தியல் பிடியால் தரையை அடியிலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் கணீரென்று சத்தம் வந்தது. முன் இடதுபக்கம், கால் வைக்கும் இடத்தில் மட்டும் சத்தமே எழும்பவில்லை. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது.

சீட்டைக் கழற்றி, ஃபெல்ட்டை எடுத்து, ஹாட் ஏர் கன்னால் சூடுகாட்டித் தார் ஷீட்டை உரித்தோம். அதோடு சேர்ந்து தரையும் அப்பளம் நொறுங்குகிற மாதிரி அடுக்கடுக்காக வந்தது. அடியிலிருந்து பார்த்தபோது ஒரு ரூபாய்க் காசு அளவுதான் ஓட்டை. நல்ல இரும்பு தென்படும் வரை வெட்டி முடித்தபோது என் இரண்டு கையையும் விரித்து வைக்கும் அளவு ஆகிவிட்டது. இதை முதலிலேயே மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டையின் விளிம்பில் இருக்கும் இரும்பு பாதி தடிமனுக்குத் தேய்ந்திருக்கும், வெல்டிங் சூடு பட்டதும் உருகி ஓடிவிடும். அதனால் மாஸ்டர் துரு தெரியும் இடத்துக்கு வெளியே ஒரு அங்குலம் தள்ளியே சாக்பீஸ் கோடு போட்டார்.

ஒட்டுக்கு 20 கேஜ் சி.ஆர். ஷீட் (துத்தநாகம் பூசாத சாதாரண இரும்புத் தகடு), அதாவது சுமார் 0.9 மில்லிமீட்டர். முதலில் அட்டைப்பெட்டியை வெட்டி வைத்து அளவு பார்த்துக்கொண்டார். மாருதி தரையில் நீளவாக்கில் பள்ளமும் மேடுமாக வரி இருக்கும். அது அழகுக்கு இல்லை. மெல்லிய தகடு வளையாமல் நிற்பதே அந்த வரியால்தான். ஒட்டு போடும் தகட்டிலும் அதைக் கொண்டுவர, மரக்கட்டை மேல் வைத்துத் தட்டித் தட்டி ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்தார். தட்டைத் தகட்டை வைத்து மூடிவிடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கால் வைக்கும்போது டொக் டொக்கென்று அமுங்கும், கொஞ்ச நாளில் வெல்டிங் ஓரம் விரிசல் விடும்.

சி.ஓ.டூ வெல்டிங் (கார்பன் டை ஆக்சைடு வாயு விட்டு, சுருளிலிருந்து வரும் கம்பியை உருக்கி ஒட்டுவது), 0.8 மில்லிமீட்டர் வயர். ஒரு புள்ளி இங்கே, அடுத்தது எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்து, நடுநடுவே ஆறவிட்டு, கடைசியில்தான் புள்ளிகள் எல்லாம் ஒன்று சேர்ந்தன. ஒரே இழுப்பாக இழுத்தால் தகடு நெளிந்துவிடும். அதன் பிறகு கிரைண்டிங், இரண்டு பக்கமும் எப்பாக்சி பிரைமர், ஒட்டு ஓரம் முழுக்க சீம் சீலர் (தகட்டு இணைப்பில் தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை), மேலே பெயின்ட், அடியில் ரப்பர் கோட்டிங்.

இந்த வேலையை விட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. வெள்ளம் நாலு பக்கமும்தான் புகுந்தது. இடதுபக்கம் மட்டும் ஏன் இவ்வளவு மோசம்? மாஸ்டர் விடவில்லை. தரையில் நியூஸ் பேப்பர் விரித்து, என்னை உள்ளே டார்ச்சோடு உட்காரவைத்து, வெளியே ஹோஸ் பைப்பால் கீழிருந்து மேலாக ஒவ்வொரு இடமாகத் தண்ணீர் விட்டார். கண்ணாடி பீடிங் (கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர்) வழியாக மூலையில் ஒரு கசிவு. அடுத்து ஏ.சி.யைப் போட்டு விட்டு வைத்தோம். சற்று நேரத்தில் டேஷ்போர்டுக்குள் இருந்து பேப்பர் மேல் சொட்ட ஆரம்பித்தது. கூலிங் காயிலில் சேரும் தண்ணீரை வெளியே விடும் ரப்பர் டியூப், தூசியும் பிசுக்குமாக அடைத்துக் கிடந்தது. வெள்ளம் தொடங்கிவைத்ததை இந்த டியூப் தினமும் நடத்திக்கொண்டிருந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்காமல் ஒட்டு மட்டும் போட்டிருந்தால் புதுத் தகடும் அதே வழியில் போயிருக்கும். யாரிடம் வேலை கொடுத்தாலும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள். அதைத் தேட மறுக்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.


திருச்சி, மாருதி ஜென்

சார், எனக்கு டிரைவர் பக்கம் சின்னதாக இரண்டு ஓட்டை. ஃபைபர் மேட்டும் ரெசினும் வைத்து ஒட்டினால் போதும், வெல்டிங்கே வேண்டாம் என்கிறார்கள். நம்பலாமா?


தூத்துக்குடி, அம்பாசடர்

தம்பி, வேண்டாம். ஃபைபர் நல்ல இரும்பு மேலதான் பிடிக்கும். துரு மேல ஒட்டினா, துரு உள்ள வளந்துகிட்டே போகும், இரும்பை விட அதுக்கு இடம் ஜாஸ்தி வேணும், ஃபைபரைத் தானே தூக்கி விட்டுரும். சீட் போல்ட், பெல்ட் போல்ட் பக்கத்துல ஓட்டைன்னா பேச்சுக்கே இடமில்ல. ஒரு அடி வாங்கினா சீட்டோட பேத்துக்கிட்டு வரும்.

நம்ம ஊர் கதை வேற. உப்பளத்து ரோட்டுல லாரியில இருந்து சிந்தின உப்புத் தண்ணி அடியில தெறிக்கும், மீதியைக் கடக்காத்து பாத்துக்கும். உப்பு கலந்த ஈரத்துல துரு பிடிக்கிற வேகமே தனி. நான் வாங்கின அம்பாசடர்ல முன்னாடி வச்சிருந்தவங்க தரையைச் சரி பண்ணியிருக்கோம்னுதான் சொன்னாங்க. பிரிச்சுப் பாத்தா பழைய தரை மேல ஜி.ஐ. ஷீட்டை (துத்தநாகம் பூசின தகடு) பாப் ரிவெட் அடிச்சு, சுத்தி எம்-சீல் அப்பி, அது மேல தாரு. அது அழுகினதும் அதுக்கும் மேல இன்னொரு ஷீட்டு. ரெண்டு ஷீட்டுக்கு நடுவுல ஈரம் சேந்து சேறாவே இருந்துச்சு. மேல பாத்தா மூணு தகடு, ஆனா உருப்படியா ஒண்ணுகூட இல்ல.

எல்லாத்தையும் வெட்டி எடுத்தப்பறம்தான் சைடு பாக்ஸும் போயிருக்குன்னு தெரிஞ்சது. கதவுக்குக் கீழ நீளமா ஓடுமே, அந்தப் பெட்டி. வண்டியோட பலத்துல பெரும்பங்கு அதுலதான் இருக்கு. அதை வெட்டுறதுக்கு முன்னாடி கதவு நிக்கிற இடைவெளியில குறுக்க இரும்பு ஆங்கிள் வச்சு அங்கங்க புள்ளியா வெல்டிங் அடிச்சுக்கணும். இல்லன்னா பாடி லேசாத் தொங்கிரும், வேலை முடிஞ்ச பிறகு கதவு சேராது. ஒரு பக்கம் முடிச்சிட்டுத்தான் அடுத்த பக்கம் தொடணும். பழைய கார் வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு: வண்டியை ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கிட்டு கதவைத் திறந்து மூடிப் பாருங்க. இடிச்சா, பாக்ஸை நல்லாச் சோதிக்காம முன்பணம் கொடுக்காதீங்க. கூடவே ஒரு காந்தம் கொண்டு போங்க. இரும்பு இருக்க வேண்டிய இடத்துல ஒட்டலன்னா அங்க பட்டியோ (பள்ளத்தை நிரப்புற பசை) ஃபைபரோதான் இருக்கு.


கோவை, டிங்கர் பட்டறை

வணக்கம்ங்க. நான் இந்த வேலை செய்யறவனுங்க. மேலே ரெண்டு பேரும் நல்லாச் சொல்லியிருக்கீங்க. தீ பத்தி யாரும் சொல்லல, அதனால எழுதறேன்.

தரையில வெல்டிங் வச்சா பொறி மேலயும் போகும் கீழயும் போகும். பெட்ரோல் லைனும் பிரேக் லைனும் தரைக்கு அடியிலதான் ஓடுது. வெட்டற இடத்துல அந்தப் பைப்பு இருந்தா கழட்டி நகத்திப்போட்டுத்தான் கிரைண்டரையே எடுக்கோணும். டேங்க்குக்குப் பக்கத்துல வேலைன்னா டேங்கை இறக்கி வெளிய வச்சிருங்க. காலி டேங்க்குன்னு அசால்ட்டா இருக்காதீங்க, உள்ள நிக்கிற ஆவிதான் வெடிக்கும். பேட்டரி ஒயரைக் கழட்டோணும். எம்.பி.எஃப்.ஐ. வண்டின்னா, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடற வண்டின்னா, அந்தக் கம்ப்யூட்டரோட (ஈ.சி.எம்.) சாக்கெட்டையும் உருவிருங்க. எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே மாட்டுங்க.

ஃபெல்ட்டை அரைகுறையா மடிச்சு வச்சுட்டு வெல்டிங் பண்ணச் சொல்றவங்க வருவாங்க. நான் ஒத்துக்கறதில்லைங்க. தார் ஷீட்டும் ஃபெல்ட்டும் கண்ணுக்குத் தெரியாமப் புகைஞ்சுக்கிட்டே கிடந்து, எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு பத்திக்கும். ஈரச் சாக்கு, ஒரு பக்கெட் தண்ணி, தீயணைப்பு சிலிண்டர், பக்கத்துல ஒரு ஆளு. வேலை முடிஞ்சு ஒரு மணி நேரமாவது வண்டிகிட்டயே இருக்கோணும்.

ஜி.ஐ. ஷீட்டுல வெல்டிங் வச்சா வர்ற வெள்ளைப் புகை துத்தநாகம். அதை மூச்சுல இழுத்தா ராத்திரி குளிர்காய்ச்சல் மாதிரி உடம்பு நடுங்கும். நான் அனுபவிச்சிருக்கேன். சி.ஆர். ஷீட்டே போடுங்க. ரெண்டு தகடு ஒண்ணு மேல ஒண்ணு படற இடத்துல மட்டும் வெல்டிங்குக்குன்னே வர்ற சிங்க் பிரைமர் அடிச்சுக்கிட்டா நடுவுல துரு வராது.


யாழ்ப்பாணம், மொறிஸ் மைனர்

அண்ணைமாருக்கு வணக்கம். எங்கட பக்கம் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 எல்லாம் இன்னும் ஓடுது. யுத்த காலத்தில பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில ஓடின கார்கள் இதுகள்தான். அப்ப தகரமும் கிடையாது, வெல்டிங் குச்சியும் கிடையாது. கிடைச்ச பரல் தகரத்தை வெட்டி அடிச்சு ஓடினவை. அவையின்ர கைவேலையை நான் குறை சொல்லமாட்டன். அந்த ஒட்டுகளாலதான் இந்தக் கார்கள் இண்டைக்கு மிஞ்சி நிக்குது.

மைனர் வச்சிருக்கிற ஆக்களுக்கு ஒண்டு கட்டாயம் சொல்லவேணும். முன் சீற்றுக்குக் கீழ குறுக்க ஒரு பெட்டி மாதிரி மெம்பர் போகும். முன் சஸ்பென்ஷனின்ர ரோர்ஷன் பாரின்ர (முறுக்கி ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யிற இரும்புத் தண்டு) பின்முனை அதிலதான் பிடிச்சிருக்கு. தரையில கறள் (துரு) எண்டு நினைச்சுப் பார்த்தால் பாதி நேரம் கறள் அங்கயிருந்துதான் வந்திருக்கும். கார் நிக்கிற பாரத்தையே அந்த பார் முறுக்கித் தாங்கிக்கொண்டிருக்கு. முறுக்கைத் தளர்த்தாமல் அந்த மெம்பரை வெட்டினால் ஆளையே அடிக்கும். என்ர காரில முதல் முறுக்கை இறக்கி, பாரைக் கழட்டி வச்சிட்டுத்தான் கராஜ்காரர் வேலையைத் தொடங்கினவர். மைனருக்குத் தரைத் தகடும் இந்த மெம்பரும் இங்கிலாந்தில இப்பவும் புதிசா அடிச்சு விக்கினம். தரை இங்கயே செய்யலாம், ஆனால் மெம்பருக்கு நான் காசைப் பார்க்கேல்லை, எடுப்பிச்சுப் போட்டன்.


வேளச்சேரி, மாருதி 800, 2002 மாடல்

ரோர்ஷன் பார் விஷயம் எனக்குப் புதிது, நன்றி. கோவை அண்ணன் சொன்னது போல என் வண்டியிலும் ஈ.சி.எம். சாக்கெட்டைக் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங் வைத்தார்கள்.

திருச்சி நண்பருக்கு: உங்கள் ஓட்டை உண்மையிலேயே சின்னது என்றால் வெல்டிங் செலவு ஒன்றும் பயமுறுத்தாது. கூலியில் பெரும்பகுதி சீட், ஃபெல்ட், தார் ஷீட் பிரிப்பதற்கே போகும். அதை நீங்களே வீட்டில் செய்துவிட்டு வண்டியைக் கொடுக்கலாம். மொத்தத் தரையும் போயிருந்தால் சென்னைப் புதுப்பேட்டையில் உடைக்கும் வண்டியிலிருந்து தரையை வெட்டித் தருகிறார்களா என்று விசாரியுங்கள். வரி எல்லாம் அச்சு அசலாக இருக்கும், தட்டி உருவாக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் துண்டையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். சென்னையில் உடைகிற வண்டிகளில் வெள்ளம் பார்த்தவையும் நிறைய.

பழைய எஞ்சின் ஆயிலை அடியில் அடித்தால் துரு வராது என்று சர்வீஸ் ஸ்டேஷன்களில் சொல்வார்கள். நான் அடிக்கவில்லை. ரப்பர் புஷ் எல்லாம் ஊறிக் கெட்டுவிடும், பிற்பாடு யாராவது வெல்டிங் வைத்தால் அதுவே பற்றிக்கொள்ளும். சைடு பாக்ஸுக்குள் மெழுகு ஸ்ப்ரே அடித்தேன், டியூபை ஓட்டை வழியாக விட்டு அடிக்கிற வகை. அது போதுமானதாக இருக்கிறது.

மற்றபடி ஐப்பசி மழைக்கு முன்னால் மேட்டைத் தூக்கி ஃபெல்ட்டைக் கையால் அமுக்கிப் பார்க்கிறேன். கதவுகளின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை ஈர்க்குச்சியால் குத்திவிடுகிறேன். வைப்பருக்குக் கீழே சேரும் வேப்பிலைச் சருகை அள்ளுகிறேன். ஏ.சி. டியூபைக் காற்றடித்துச் சுத்தம் செய்கிறேன். 2022-ல் அடுத்த ஐந்து வருடத்துக்கு ஆர்.சி. புதுப்பித்தபோது அதே மாஸ்டர் அதே ஸ்க்ரூ டிரைவரோடு ஒட்டு முழுக்கக் குத்திப் பார்த்தார். ஒட்டு கெட்டியாக இருந்தது. பின் சீட்டுக்கு அடியில் ஒரு சீம் ஓரத்தில் மட்டும் புதிதாகப் பழுப்பு தெரிந்தது. சுரண்டி, பிரைமர் வைத்து, சீலர் போட்டோம். அங்கே தண்ணீர் எப்படி வருகிறது என்று இன்னும் பிடிபடவில்லை. பின் கண்ணாடி பீடிங்கா, டிக்கி ரப்பரா என்று சந்தேகம். மாருதி 800-ல் பின்பக்கக் கசிவைக் கண்டுபிடித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.