வார்ஃபரினுக்குத் தமிழ்ல என்ன போடலாம்? வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்

எல்லாருக்கும் வணக்கம். ரத்தம் சீக்கிரம் உறையாம இருக்கக் குடுக்குற வார்ஃபரின் மாத்திரை பத்தின கிளினிக் துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது, மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துப் பாட்டிங்க படிக்கணும். அவங்க "உபாட் சாயிர் டாரா"ன்னு (ரத்தத்த இளக்குற மருந்து) மலாய்லயே சொல்லிட்டுப் போறாங்க. நான் "குருதி உறைவெதிர்ப்பி"ன்னு போட்டேன், ஒரு பாட்டி எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டு "யாருய்யா எதிரி?"ன்னு கேட்டுட்டாங்க.

டீச்சர்: மொதல்ல "வார்ஃபரின்"னே தப்பு தம்பி. குறிலுக்குப் பின்னாடி, வல்லினத்துக்கு முன்னாடி, அங்கதான் ஆய்தம் நிக்கும். ர்-க்கு அப்புறம் எப்படி வந்துச்சு?

தோட்டத்து அண்ணன்: எப்படி எழுதினாலும் அது எலி மருந்துதான் லா. எங்கப்பா செம்பனைக்கு அடியில மரத்துக்கு ஒரு கட்டின்னு அத வச்சவரு, இப்ப அதே பேர்ல மாத்திரை குடுத்தா வாயில போடுவாரா?

பெரியவர்: வார் என்றால் ஒழுகுதல், பரிதல் என்றால் அறுதல். குருதி வார்ந்து பரிவதால் வார்பரி. நம்ம சொல்தான் ஐயா!

ஃபார்மசி தங்கச்சி: ஐயா, அது விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளையோட இங்கிலீஷ் முதலெழுத்து நாலு (WARF), வால் மட்டும் கூமரின்ங்கற வேதிப்பொருள் பேர்ல இருந்து. 1933ல ஒரு விவசாயி செத்த கெடேரியையும் பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் தூக்கிட்டு விஸ்கான்சின் வேதியியல் விஞ்ஞானி கார்ல் பால் லிங்க்கோட லேபுக்கு வந்தாரு, மாடு தின்னது கெட்டுப்போன க்ளோவர் தீவனம். அந்த ஆராய்ச்சி வழியா 1948ல எலி மருந்து, 1954ல மனுஷனுக்கு.

பெரியவர்: அறக்கட்டளைப் பேருக்கும் வேர் இருக்கும்மா.

தோட்டத்து அண்ணன்: "ரத்தம் இளக்கி"ன்னு போட்டா முடிஞ்சுது.

ஃபார்மசி தங்கச்சி: ரத்தம் இளகவே இளகாதுண்ணே. வைட்டமின் கே செய்யுற வேலையத் தடுக்குது, அதனால உறைய நேரமாகுது, அவ்ளோதான்.

நான்: அப்ப "ரத்தம் கட்டாம இருக்க மருந்து"?

டீச்சர்: அடிபட்டு நீலமா கன்னிப்போறதத்தானே ரத்தம் கட்டுறதுன்னு சொல்றோம்? இந்த மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு அதுதான் லேசுல வரும், குழம்பிருவாங்க. பாலுக்கு உறை ஊத்தாத வீடு உண்டா? "உறைதடுப்பு மருந்து"ன்னு போடு.

நான்: சரி, மூணு பேர் ஒத்துக்கிட்டீங்க, அதையே போட்டுட்டேன். கீரையில வைட்டமின் கே இருக்குறதால, பக்கத்துல "கீரைய திடீர்னு கூட்டவும் வேணாம், நிறுத்தவும் வேணாம்"னு கொட்டை எழுத்துல. மலாய்ப் பேரும் கீழ இருக்கு.

பெரியவர்: வார்பரியை நான் விடப்போவதில்லை.

டீச்சர்: ஆய்தத்த எடுத்தியா இல்லையா?