தெலுக் இந்தான்ல ஒரு ஞாயித்துக்கிழமை

நம்ம ஊர்ல கத்திரி வெயில் கொளுத்துற மே மாசம், இங்க மலேசியாவுல பேராக் மாநிலத்துல வருசம் பூரா வெயில்தான், ஆனா அந்த வாரம் மழையே இல்லாம காஞ்சு கெடந்துச்சு. நான் வேலை பாக்கறது செம்பனை எண்ணெய் (பாமாயில்) மில்லுல, லோரியில வர்ற பழக் குலைய 24 மணி நேரத்துக்குள்ள அவிச்சாகணும், இல்லன்னா எண்ணெய்ல அமிலம் ஏறிடும், அதனால ஒரு முழு ஞாயிறு லீவு கெடைக்கறதே பெருசு. மில்லுல கூட வேலை பாக்கற அண்ணன் எஸ்டேட்லயே பொறந்து வளந்தவர், "தம்பி, கோலாலம்பூர் ரெட்டைக் கோபுரத்த எப்ப வேணா பாக்கலாம் லா, வா எங்க டவுன காட்டுறேன்"னு அவரு காடியில (கார்தான்) ஏத்திக்கிட்டாரு. அவங்க அம்மாவும் வந்தாங்க.

மொதல்ல பாத்தது தெலுக் இந்தான் சாஞ்ச கோபுரம், 1885ல கட்டுனது. வெளிய எண்ணுனா எட்டு அடுக்கு, உள்ள போனா மூணே மாடி. மேல தண்ணித் தொட்டி வச்சிருந்தாங்க, அந்த பாரமும் அடியில இருந்த இளகுன மண்ணும் சேந்து ஒரு பக்கமா சாய்ச்சிடுச்சு. போட்டோ எடுத்துட்டு சீ சியோங் ஃபன் சாப்ட்டோம், அரிசி மாவுல செய்யற சீன பலகாரம், காஞ்ச எறா உள்ள வச்சு சுருட்டி ஊறப்போட்ட பச்சமொளகாயோட தர்றாங்க, அருமை.

அப்புறம் தே ஓ ஐஸ் (பால் இல்லாத ஐஸ் டீ) குடிக்க ஒரு கடையில ஒக்காந்தோம், அங்கதான் ஆன்ட்டி, அதான் அண்ணனோட அம்மா, பேச ஆரம்பிச்சாங்க. அவங்க பால் மரம் வெட்டுனவங்க, அதாவது ரப்பர் மரத்துல பட்டைய சீவி பால் எடுக்கற வேலை. விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுக்கறதுக்கு) நிக்கணும், வெயில் ஏறுனா பால் சீக்கிரம் நின்னுடும்னு சொல்லிக்கிட்டே ஸ்பூன் காம்பால மேசைக்கால்ல சாய்வா ஒரு கோடு இழுத்தாங்க, "பட்டைய மட்டும் மெல்லிசா சீவணும்பா, கத்தி மரத்துல பட்டுச்சு, தண்டல் ஏசிடுவாரு." தண்டல்னா வேலைய மேற்பார்வை பாக்கறவரு. கை அத்தன நிதானமா போச்சு. இப்ப அந்த எஸ்டேட் பூரா செம்பனை.

அவங்க அப்பா மன்னார்குடி, நாகப்பட்டினத்துல ராஜுலா கப்பல் ஏறி பினாங்குல எறங்குனவராம். 1942-43ல ஜப்பான்காரன் சயாம் (இப்ப தாய்லாந்து) ரயில் பாதை போட எஸ்டேட் ஆளுங்கள அள்ளிட்டுப் போனான்ல, அதுல போய் உயிரோட திரும்புனவராம். ஆயிரக்கணக்குல நம்ம ஆளுங்க செத்த எடம் அது, எங்க பள்ளிக்கூடத்துல யாரும் இதச் சொல்லித் தந்ததா எனக்கு நெனவில்ல, அதுல இப்பவும் எனக்கு வருத்தம்தான்.

நான் மன்னார்குடி பக்கம், திருத்துறைப்பூண்டின்னு சொன்னதும் கையப் புடிச்சுக்கிட்டாங்க. "மன்னார்குடியில பெரிய தெப்பக்குளம் இருக்காமே, எங்கப்பா வடகரைன்னு சொல்வாரு, இப்ப தண்ணி கெடக்குதா?"ன்னு கேட்டாங்க. அவங்க ஊருக்கு வந்ததே இல்ல. ஒடனே எங்கம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். "பசியாறிட்டீங்களா"ன்னு ஆரம்பிச்சு கருவாடு, மூட்டுவலி, பேரப்புள்ளைங்கன்னு ரெண்டு பேரும் பேசுன பேச்சுல அண்ணனும் நானும் ரெண்டாவது கிளாஸும் குடிச்சு முடிச்சுட்டோம். அடுத்த வாரமே எங்கம்மா பஸ் ஏறி மன்னார்குடி போய் அந்த தெப்பக்குளம், ஹரித்ராநதி கரையில நின்னு போன்ல காட்டுனாங்க.

வேலைக்காக மலேசியா வந்திருக்கவங்க லீவு கெடச்சா இந்த மாதிரி டவுனுக்குப் போங்க, பெரியவங்க யாராச்சும் கெடச்சா ஒக்காந்து கேளுங்க, அவங்களுக்கு சொல்ல அவ்வளவு இருக்கு.

ஆன்ட்டிக்கு இப்ப பாஸ்போர்ட் எடுத்தாச்சு. தை பொறந்ததும் கூட்டிட்டு போறோம், கோலாலம்பூர்லருந்து திருச்சிக்கு நேரா ஃப்ளைட் இருக்கு, அங்கருந்து கார்லயே போயிடலாம்.