குறைகிற தண்ணீர் எங்கே போகிறது?

குழு: நம்ம வீடு

ஞாயிறு

நான், மாலை 4:52
சேலம் கல்யாணம் முடிந்து தருமபுரி திரும்பிக்கொண்டிருக்கிறோம். தொப்பூர் ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்திவிட்டேன். பேனட்டிலிருந்து ஆவி வருகிறது.

அக்கா, 4:53
அம்மாவை முதலில் இறக்கு தம்பி. லாரி ஓடுகிற ரோடு.

நான், 4:55
இறக்கிவிட்டேன். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் இருக்கிறார். குடிக்கிற தண்ணீர் 2 லிட்டர் இருக்கிறது. ரேடியேட்டரில் ஊற்றலாமா?

காவேரிப்பட்டணம் மாமா, 4:55
வேண்டாம் மாப்பிள்ளை. மூடியைத் தொடாதே.

காவேரிப்பட்டணம் மாமா, 4:59
உள்ளே இருக்கிற தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்பது மூடி பிடித்து வைத்திருக்கிற அழுத்தத்தால்தான். திறந்த நொடியில் மொத்தமும் பொங்கி முகத்தில் அடிக்கும். பணிமனையில் என் பக்கத்தில் வேலை பார்த்தவருக்குக் கை வெந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். முக்கால் மணி நேரம் சும்மா இரு. மேல் ஹோஸை அமுக்கிப் பார், விறைப்பு இல்லாமல் மெத்தென்று இருக்க வேண்டும். அப்புறம் தடித்த துணியை வைத்து மூடியைக் கொஞ்சமாகத் திருப்பு. காற்றுச் சத்தம் நின்ற பிறகு முழுதாகத் திற. சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஹெட் (இன்ஜினின் மேல் பாகம்) விரிசல் விடும், அதனால் அவசரமே வேண்டாம்.

பாலக்கோடு சித்தப்பா, 5:06
எங்கள் காலத்தில் ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு கை மஞ்சள் தூள் போட்டு வீடு வந்து சேர்ந்துவிடுவோம்.

காவேரிப்பட்டணம் மாமா, 5:09
அடைக்கும் மச்சான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஓட்டையை அடைக்கிற தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும். இந்தக் காலத்து அலுமினிய ரேடியேட்டருக்குள் அதைப் போடவே கூடாது.

நான், 5:48
திறந்துவிட்டேன் மாமா. உள்ளே தண்ணீரே கண்ணுக்குத் தெரியவில்லை. ஒன்றரை லிட்டர் பிடித்தது.

காவேரிப்பட்டணம் மாமா, 5:51
சரி, கிளம்பு. ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில் வை, காற்றையும் முழுதாக வை. ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டை இழுத்துக்கொள்ளும். கண்ணாடிகளை இறக்கிவிடு. முள் ஏறினால் நிறுத்து. திடீரென்று முள் கீழே விழுந்தாலும் நிறுத்து. தண்ணீர் மட்டம் சென்சாருக்குக் கீழே போய்விட்டால் முள் நல்ல பிள்ளை மாதிரி நிற்கும், உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்.

நான், இரவு 7:34
வீட்டுக்கு வந்துவிட்டோம். அம்மா வியர்வையில் குளித்துவிட்டார், மற்றபடி நலம்.

அக்கா, 7:35
முருகா. இப்போதுதான் மூச்சு வந்தது.

நான், 7:52
மாமா, வண்டி வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. “வாரம் ஒரு தடவை அரை லிட்டர் ஊற்றுங்கள், 2009 வண்டி என்றால் அப்படித்தான்” என்று விற்றவர் சொன்னார்.

காவேரிப்பட்டணம் மாமா, 8:04
அப்படியெல்லாம் கிடையாது. இது மூடிய சுற்று. வீட்டுத் தண்ணீர்த் தொட்டி போல வற்றுவதற்கு வழியே இல்லை. வாரம் அரை லிட்டர் குறைகிறது என்றால் அந்த அரை லிட்டர் எங்கேயோ போகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் ஹெட்டை இறக்க வேண்டி வரும்.

காவேரிப்பட்டணம் மாமா, 8:17
போகிற இடம் மூன்றுதான். வெளியே, காருக்குள்ளே, இன்ஜினுக்குள்ளே. வெளியே என்றால் ஹோஸ், கிளாம்ப், ரேடியேட்டர் ஓரம், வாட்டர் பம்ப், மூடி. காருக்குள்ளே என்றால் ஹீட்டர். கால் வைக்கிற இடத்துக் கார்பெட் ஈரமாகும், இனிப்பு வாடை வரும், முன் கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் படலம் படியும். இன்ஜினுக்குள்ளே என்றால் ஹெட் கேஸ்கெட், ஹெட்டுக்கு அடியில் இருக்கிற அடைப்புத் தகடு. அதைத்தான் முதலில் இல்லையென்று உறுதி செய்ய வேண்டும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் மூடியைத் திறந்து மட்டம் பார். ஆயில் குச்சியையும் ஆயில் மூடியின் அடிப்பக்கத்தையும் பார், பால் காபி நிறத்தில் நுரை இருக்கிறதா என்று. ஸ்டார்ட் செய்து இன்ஜின் சூடான பிறகும் சைலென்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா பார். இன்று ராத்திரி இன்ஜினுக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வை.

திங்கள்

நான், காலை 6:40
(படம்)
ஆயில் சுத்தமாக இருக்கிறது. புகையும் இல்லை. கார்பெட் காய்ந்தே இருக்கிறது. அட்டையில் இரண்டு இடத்தில் ஈரம்.

ஓசூர் தம்பி, 6:58
இடது பக்க ஈரம் ஏசி தண்ணீராக இருக்கும் அண்ணா. தொட்டுப் பாருங்கள். வெறும் தண்ணீர் என்றால் ஏசி, வழுவழுப்பும் நிறமும் இருந்தால் கூலன்ட், அதாவது ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கிற திரவம்.

நான், 7:03
நேற்று பாதி வழியிலிருந்து ஏசியே போடவில்லையே. இரண்டும் வழுவழுப்பாகத்தான் இருக்கிறது. நிறம் துருப்பிடித்த பழுப்பு.

காவேரிப்பட்டணம் மாமா, 7:15
பழுப்பு என்றால் இத்தனை வருஷமும் போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். நம் ஊர்த் தண்ணீர் எவ்வளவு கடினமானது என்று பாத்திரத்து அடியில் படிகிற உப்பைப் பார்த்தாலே தெரியும். அதே உப்புத்தான் ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் படிகிறது. ஒகேனக்கல் குடிநீரும் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி. ஏற்கெனவே கலந்து விற்கிற கூலன்ட் வாங்கினால் அதில் தண்ணீரே சேர்க்காதே.

காவேரிப்பட்டணம் மாமா, 7:19
இனி கையால் தேட வேண்டாம். ரேடியேட்டர் கடையில் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல். இன்ஜின் ஆறியிருக்கும்போதே மூடி இருக்கும் இடத்தில் கைப் பம்ப்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கிற அளவுக்கு மட்டும் காற்று ஏற்றுவார்கள். மூடியையும் தனியாகச் சோதிக்கச் சொல்.

செவ்வாய்

நான், பகல் 12:26
மாமா, மூடியில் அழுத்தம் 0.9 bar என்று போட்டிருக்கிறது. அந்த அளவுக்கு ஏற்றினார்கள். பத்து நிமிஷத்தில் 0.6-க்கு இறங்கிவிட்டது. வாட்டர் பம்ப்புக்கு அடியில் இருக்கிற சின்ன ஓட்டையிலிருந்து சொட்டுகிறது.

காவேரிப்பட்டணம் மாமா, 12:31
அப்படியானால் பம்ப்பின் சீல் போய்விட்டது. அந்த ஓட்டையே அதைக் காட்டிக் கொடுக்கத்தான் வைத்திருக்கிறார்கள். அதை மட்டும் அடைத்துவிடாதே, தண்ணீர் பேரிங்குக்குள் போய்விடும். மூடி?

நான், 12:33
மூடியும் பிடிக்கவில்லை. 0.5-லேயே திறந்துகொள்கிறது. ஏற்றத்தில் பொங்கியது அதனால்தானா?

காவேரிப்பட்டணம் மாமா, 12:40
இரண்டும் சேர்ந்துதான். பம்ப் மெல்ல மெல்லக் குடித்தது, ஏற்றத்தில் மூடி பொங்க விட்டது. கேஸ்கெட்டையும் பார்த்துவிடு. நீலத் திரவம் வைத்த டெஸ்டர் இருக்கிறதா என்று கேள். ரேடியேட்டர் வாயில் வைத்து இன்ஜினை ஓட்டினால், எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும்.

நான், 1:22
நீலமாகவே இருக்கிறது.

அக்கா, 1:23
🙏🙏

காவேரிப்பட்டணம் மாமா, 1:30
பிழைத்தாய் மாப்பிள்ளை. உன் வண்டியில் பம்ப்பைச் சுற்றுவது டைமிங் பெல்ட்தான். எப்படியும் அதைக் கழற்றுவார்கள், புது பெல்ட்டே போட்டுவிடு, பிரிக்கிற கூலி ஒன்றுதான். தெர்மோஸ்டாட்டும் (சூட்டைப் பார்த்து ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடுகிற வால்வு) புதிது போடு. தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறிந்துவிட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே.

வியாழன்

நான், மாலை 6:10
எல்லாம் மாற்றியாயிற்று. ஹீட்டரைப் போட்டு, ஃபேன் இரண்டு தடவை தானாக ஓடி நிற்கும்வரை இன்ஜினை ஓட்டி, உள்ளே சிக்கிய காற்றை எடுத்தார்கள். தொப்பூர் இறங்கி மறுபடி ஏசியோடு ஏறிப் பார்த்தேன். முள் பாதிக்கு மேல் போகவில்லை.

காவேரிப்பட்டணம் மாமா, 6:18
நல்லது. ஒரு வாரம் தினமும் காலையில் மட்டம் பார். அன்றைக்கு அட்டையில் சொட்டியதை என்ன செய்தாய்?

நான், 6:20
அட்டை வாசலிலேயே கிடக்கிறது மாமா.

காவேரிப்பட்டணம் மாமா, 6:20
உடனே எடு. கூலன்ட் இனிக்கும், நாய் நக்கினால் சிறுநீரகம் போய்விடும்.

நான், 6:34
நம் நாய் மணியைக் கட்டிவிட்டேன். மண்ணைப் போட்டு உறிஞ்ச வைத்து அள்ளி, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவியாயிற்று.